காரும் ஒரு கம்ப்யூட்டர்தான்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு பயம் இருக்கும். திரையில் ஏதாவது மெசேஜ் வந்தால் எதையோ கெடுத்துவிட்டோம் என்று கையை எடுத்துவிடுவார்கள். நாலு நாள் பழகியதும் எந்த மெசேஜுக்குப் பயப்பட வேண்டும், எதற்கு ஓகே கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தெரிந்துவிடும்.

இதே பயத்தை இப்போது புதுக் கார் வாங்கியவர்களிடம் பார்க்கிறேன். ஒரு வித்தியாசம். கம்ப்யூட்டரில் தப்பான பட்டனை அழுத்தினால் ஒரு ஃபைல் போகும். காரில் மெசேஜைத் தப்பாகப் புரிந்துகொண்டால் உயிரே போகலாம். நான் மெக்கானிக் அல்ல, சாஃப்ட்வேர் என்ஜினீயர். ஆனால் இன்றைய கார் என் துறைக்குள்ளும் வந்துவிட்டது. எனவே கம்ப்யூட்டரை வைத்தே காரைப் புரிந்துகொள்வோம்.

காருக்குள் ஒரு நெட்வொர்க்

எங்கள் ஊர் ஒத்தக்கடை. மதுரையிலிருந்து மேலூர் போகும் ரோட்டில், யானைமலை அடிவாரத்தில் இருக்கிறது. என் மாமா இந்த ரோட்டில் முப்பது வருடம் அம்பாசடர் ஓட்டியவர். வண்டி நின்றால் பானெட்டைத் திறந்து, கார்பரேட்டரைத் துடைத்து, பிளக்கைச் சுரண்டிப் போட்டு ஓட்டிவிடுவார். அம்பாசடர் தயாரிப்பு 2014ல் நின்றுபோனது. மாமா இப்போது வைத்திருப்பது பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் கார். "மாப்ள, பானெட்டத் தொறந்தா ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரியுது. நான் எதைச் சொரண்டுறது?" என்று கேட்டார்.

அந்த மூடிக்குக் கீழே இருக்கும் என்ஜினை நடத்துவது ஈ.சி.யு. என்ற சிறிய கம்ப்யூட்டர். எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று எனத் தனித்தனி கம்ப்யூட்டர்கள் உண்டு. ஆபீசில் பல கம்ப்யூட்டர்களை லேன் மூலம் இணைப்பதுபோல, இவற்றை இணைப்பது கேன் என்ற நெட்வொர்க். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986ல் அறிமுகப்படுத்தியது. முறுக்கிய இரண்டே ஒயர்களில் எல்லாத் தகவலும் போய்வரும். டாஷ்போர்டில் எரியும் விளக்குகள் இந்தக் கம்ப்யூட்டர்கள் நமக்கு அனுப்பும் மெசேஜ்கள்.

ஆன் செய்ததும் ஒரு சோதனை

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் மெமரி, கீபோர்டு, டிஸ்க் எல்லாம் சரியா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். காரும் அப்படித்தான். இக்னிஷன் போட்டதும் பல விளக்குகள் ஒன்றாக எரியும். சோதனை முடிந்து என்ஜினும் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக அணையும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அணைய வேண்டிய விளக்கு அணையாவிட்டால் அந்தப் பகுதியில் கோளாறு. எரிய வேண்டிய விளக்கு எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான். செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போது இது மிக முக்கியம். இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை என்றால் அதன் இணைப்பை யாராவது எடுத்திருக்கலாம். விலை பேசும் முன் விசாரியுங்கள்.

நிறத்தைப் பாருங்கள்

பச்சை, நீலம்: வெறும் தகவல். இண்டிகேட்டர், ஹை பீம் போன்றவை ஆனில் இருக்கின்றன என்று அர்த்தம்.

மஞ்சள்: கவனிக்க வேண்டும், ஆனால் நடுரோட்டில் நிற்க வேண்டியதில்லை. என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியை மெதுவாக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகலாம். அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் என்ஜினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அப்படியே ஓட்டினால் புகையைச் சுத்தம் செய்யும் விலை உயர்ந்த கன்வெர்ட்டர் கெடும். வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள்.

சிவப்பு: நிறுத்தச் சொல்கிறது. ஆயில் கேன் படம் எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி என்ஜினை ஆஃப் செய்யுங்கள். தெர்மாமீட்டர் படம் எரிந்தாலும் அப்படியே. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள், கொதிநீர் பீறிட்டு அடிக்கும். பிரேக் விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கை எடுத்தோமா என்று பாருங்கள். எடுத்த பிறகும் எரிந்தால் வண்டியை நகர்த்த வேண்டாம்.

பிரேக் அதிர்ந்தால் காலை எடுக்காதீர்கள்!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

மழை பெய்த ஒரு மாலையில் மாமா சிட்டம்பட்டி டோல்கேட் தாண்டி வந்துகொண்டிருந்தார். குறுக்கே ஒரு ஆடு பாய்ந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தார். பெடல் தடதடவென்று அதிர்ந்து காலைத் திருப்பித் தள்ளியது. பிரேக் புட்டுக்கிச்சு என்று நினைத்துக் காலை எடுத்துவிட்டார். வண்டி மண் ஓரத்தில் இறங்கித்தான் நின்றது. ஆடும் பிழைத்தது, மாமாவும் பிழைத்தார். மறுநாள் என்னிடம், "பிரேக்கு ரிப்பேரு மாப்ள, ஒர்க்‌ஷாப்புல விடணும்" என்றார்.

பிரேக் ரிப்பேர் ஆகவில்லை. ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்திருக்கிறது. ஈர ரோட்டில் ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழல்வது நின்று, வண்டி சறுக்கும். சறுக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் வேகத்தை அளந்துகொண்டே இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததும் கம்ப்யூட்டர் பிரேக்கை ஒரு நொடிக்குள் பல தடவை விட்டுவிட்டுப் பிடிக்கும். அந்த அதிர்வுதான் பெடலில் தெரிகிறது.

அம்பாசடர் காலத்தில் ஓட்டுநர்களே காலால் விட்டுவிட்டு மிதிப்பார்கள். அந்தப் பழக்கம் இதில் ஆபத்து. 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடும். அரை நொடி காலை எடுத்தாலும் 11 மீட்டர் போய்விட்டது. எனவே ஓங்கி மிதியுங்கள், மிதித்த காலை எடுக்காதீர்கள், ஸ்டியரிங்கால் தப்பிக்கும் வழியைப் பாருங்கள். நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். ஆகவே உங்கள் புதுக் காரிலும் அது இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத ஈர மைதானத்தில், பெல்ட் போட்டுக்கொண்டு, 30 கி.மீ. வேகத்தில் ஒருமுறை ஓங்கி மிதித்துப் பாருங்கள். அந்த அதிர்வைக் கால் ஒருமுறை அறிந்துவிட்டால் அவசரத்தில் பயப்படாது.

'பீப்' சத்தம் ஏன்?

2019 ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் ஆகியவையும் கட்டாயமாயின. 80 கி.மீ. தாண்டினால் அவ்வப்போது பீப், 120 தாண்டினால் விடாமல் பீப். நான்கு வழிச் சாலையில் இதைக் கேட்டு என்ஜினில் கோளாறு என்று நிறுத்தியவர்கள் உண்டு. கோளாறு இல்லை, வேகத்தைக் குறைத்தால் போதும்.

பெல்ட் சத்தத்தை நிறுத்த வெறும் கிளிப்பை மாட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரை ஏமாற்றலாம், மோதலை ஏமாற்ற முடியாது. இந்தக் கிளிப்புகளை ஆன்லைனில் விற்பதற்கு எதிராக 2023ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணையாக வடிவமைக்கப்பட்டது, பெல்ட்டுக்குப் பதிலாக அல்ல. அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் விரிந்துவிடும். பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்ந்த உடம்பின் மேல் அந்த வேகத்தில் விரிந்தால் அதுவே காயப்படுத்தும். முன் சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்ளவே கூடாது. டாஷ்போர்டில் பிள்ளையார் வைப்பது நம் வழக்கம். ஏர்பேக் மூடி எங்கே என்று பார்த்து, அதன் மேல் இல்லாமல் தள்ளி வையுங்கள். விரியும்போது அந்தச் சிலை முகத்தை நோக்கிப் பறக்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

மஞ்சள் என்ஜின் விளக்கு என்ன சொல்கிறது என்று உங்கள் செல்போனிலேயே படிக்கலாம்.

1. ஸ்டியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடிப்பக்கம் 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். இதன் பெயர் ஓ.பி.டி. போர்ட்.

2. புளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் ஒன்றை அதில் செருகி, இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள்.

3. செல்போனை அடாப்டருடன் இணைத்து, ஓ.பி.டி. ஆப் ஒன்றைத் திறந்து கோளாறு கோடுகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

4. பி0300 போல ஒரு கோடு வரும். 'பி' என்றால் என்ஜின், கியர் பகுதி. அடுத்த '0' எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு என்பதைக் குறிக்கும். பி0300 என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்களில் பெட்ரோல் சரியாக எரியவில்லை.

5. கோடை எழுதி வையுங்கள். 'கிளியர்' பட்டனை அழுத்தாதீர்கள். எர்ரர் மெசேஜை மூடினால் கம்ப்யூட்டர் சரியாகிவிடுவதில்லை அல்லவா? அதுபோலத்தான். அழித்தால் மெக்கானிக்குக்குத் தேவையான பதிவும் சேர்ந்தே போய்விடும்.

6. வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால் பேட்டரி இறங்கும்.

சாவி இல்லாத கார்களுக்கு ஒரு குறிப்பு. பிரேக்கையோ கிளட்சையோ மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் என்ஜின் ஓடாது, மற்ற மின் இணைப்புகள் மட்டும் ஆன் ஆகும். ரிமோட்டின் செல் தீர்ந்தால் கதவைத் திறக்க அதற்குள்ளேயே ஒரு சாவி ஒளிந்திருக்கும். பல கார்களில் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும். உங்கள் காரில் எப்படி என்பது காருடன் வந்த புத்தகத்தில் இருக்கும்.

அந்தப் புத்தகம் அநேகமாகப் பிளாஸ்டிக் கவரோடு டாஷ்போர்டு பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும். இந்த வாரமே எடுத்து, எச்சரிக்கை விளக்குகள் படம் போட்ட பக்கத்தை மட்டுமாவது வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.