கோடை கழியும் நாளில் வாசிக்க வேண்டியவை
(சங்க அங்கத்தினர்களுக்கான பாடம்)

தாமிரபரணிப் பாசனக் கிராமங்களில் பிசான நெல் மாசி, பங்குனியில் வீடு வந்து சேர்ந்த பிறகு, கார் நாற்றங்கால் விதைக்கும் வரையில் வயல் வேலை சொற்பமே. சித்திரை, வைகாசி மாதங்களில் வெயிலுக்கு ஒதுங்கித் திண்ணையிலும் மரத்தடியிலும் பொழுது போக்குவது வழக்கம. அந்த ஓய்வு முடிவதற்குள் அங்கத்தினர் ஒவ்வொருவரும் வாசித்திருக்க வேண்டிய தாள்கள் மூன்று உண்டு. அவை எவை, அவற்றை எப்படி வாசிப்பது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

கோடை முடிவை அறிவது எப்படி?

திருநெல்வேலிச் சீமையில் கோடை முடிந்ததை ஆகாயத்தைப் பார்த்து அறிவது எளிதன்று. தென்மேற்குப் பருவத்தில் குற்றாலத்தில் சாரல் விழும். பாளையங்கோட்டைக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் வந்து சேருவது பெரும்பாலும் காற்றும் மேகமுமே. நமது ஊர்களில் நல்ல மழை பெய்வது ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆயினும், பொதிகை மலையில் பெய்யும் மழை ஆற்றின் வழியே ஆனி மாதத்திலேயே நம் வாய்க்காலுக்கு வந்துவிடுகிறது. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளின் கீழ் பாசனம் பெறும் நிலம் சுமார் 86,000 ஏக்கர். இந்நிலத்தில் கார்ப் பயிர் ஏறுவது இந்த வரத்தை நம்பியே. ஆதலால் நமக்குக் கோடையின் முடிவை அறிவிப்பது ஆறும் அணையுமே ஆகும்.

முதல் தாள்: அணை நீர்மட்டம்

நாளிதழ்களில் அணைகளின் நீர்மட்டம் தினந்தோறும் வெளியாகிறது. பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி. சேர்வலாறு 156 அடி. மணிமுத்தாறு 118 அடி. இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு அன்றைய மட்டத்தை வாசிக்க வேண்டும். ஆனால் பாபநாசத்தில் 71 அடி நீர் நிற்கிறதென்றால் பாதி நீர் இருப்பதாக எண்ணிவிடலாகாது. மலைப் பள்ளத்தாக்கு அடியில் குறுகியும் மேலே அகன்றும் இருப்பதால், கீழ்ப்பாதி அடிகளில் தங்கும் நீர் மேற்பாதியில் தங்குவதைக் காட்டிலும் மிகவும் குறைவு.

அடுத்து, நீர்வரத்தையும் வெளியேற்றத்தையும் பாருங்கள். இவை வினாடிக்கு இத்தனை கன அடி என்று குறிக்கப்படும். வினாடிக்கு 1,000 கன அடி வீதம் திறந்தால், ஒரு நாளில் வெளியேறுவது 8 கோடியே 64 லட்சம் கன அடி. பாபநாசம் அணை முழுதும் நிறைந்தால் கொள்ளுவது சுமார் 550 கோடி கன அடி. வரத்து அடியோடு நின்றுவிட்டால், நிறைந்த அணையும் இந்த வீதத்தில் ஏறக்குறைய 63 நாளில் தீர்ந்துவிடும். நாம் விதைக்கும் அம்பை 16 நெல்லுக்கோ வயது 110 நாள். ஆகவே மட்டத்தை மட்டும் பார்த்துத் துணிவது ஆபத்து. வரத்து நாளுக்கு நாள் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை ஒரு வாரமாவது குறித்து வர வேண்டும். எந்தெந்தக் கால்களுக்கு, எந்தத் தேதி வரை தண்ணீர் என்று வெளியாகும் அரசாங்க உத்தரவையும் வாசித்த பின்னரே, எத்தனை ஏக்கர் நடுவது, எவ்வளவு கடன் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும். கதிர் வெளிவரும் சமயத்தில் நீர் நின்றால் பயிர் பதராகும்; கடன் மட்டும் பதராவதில்லை.

இரண்டாம் தாள்: கடன் பத்திரம்

பத்திரத்தில் தொகை, வட்டி விகிதம், தவணைத் தேதி, ஜாமீன்தாரர் பெயர் ஆகிய நான்கையும் விரல் வைத்து வாசியுங்கள். நமது ராஜ்யத்தில் பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்துவோருக்கு வட்டியில்லை. இச்சலுகையைக் காப்பது தேதி ஒன்றே. அறுவடை எப்போது, தவணை எப்போது என்பதை ஒப்பிட்டு, அத்தேதியை வீட்டுச் சுவரில் எழுதி வைப்பது நலம்.

அயல் வீட்டாருக்கு ஜாமீன் போடுவோர், அதை வெறும் சாட்சிக் கையெழுத்தென நினைப்பதுண்டு. 1872 ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128 ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு விதமாகக் கண்டிருந்தாலன்றி, கடன்காரருக்குள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு.

மூன்றாம் தாள்: காப்பீட்டு ரசீது

2016 ஆம் வருஷம் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தென்மேற்குப் பருவத்து உணவுப் பயிருக்கு விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு 2 வீதத்துக்கு மேற்படாது. 30,000 ரூபாய்க் காப்பீட்டுக்கு இது 600 ரூபாய் ஆகும். நமது கிராமமும் பயிரும் அவ்வருஷத்து அறிவிப்பில் இருக்கின்றனவா, சர்வே நம்பர் சரியா, கடைசி நாள் எது என்று பாருங்கள். ரசீதில் ஓர் எண் மாறியிருந்தாலும் நஷ்ட காலத்தில் அலைச்சல் உண்டாகும். அப்போதே திருத்தச் சொல்லுங்கள்.

வாசிக்கத் தெரியாதோர் என் செய்வது?

கூடி வாசிப்பதே வழி. 1844 இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளர்கள் முதலானோர் அமைத்த கூட்டுறவுச் சங்கம், சில வருஷங்களுக்குள் லாபத்தில் நூற்றுக்கு 2½ பாகத்தைக் கல்விக்கென ஒதுக்கி, வாசகசாலையும் புத்தகசாலையும் நடத்தியது. 1931 இல் நம் தமிழ்நாட்டிலேயே மன்னார்குடியைச் சூழ்ந்த கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்கள் சென்றன. நமக்கு இப்போது வண்டியும் வேண்டியதில்லை. வைகாசிக் கடைசியில் வாரம் ஒரு மாலை சங்கக் கட்டடத்திலோ கிராம நூலகத்திலோ கூடினால் போதும். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் கேட்டு, விளங்காததை நிறுத்திக் கேட்க வேண்டும். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகள் வாசித்தால் அவர்களுக்கும் பழக்கம் ஏற்படும். பெண் அங்கத்தினர்களை அவசியம் அழையுங்கள்; கடன் அவர்கள் பெயரிலும் இருக்கிறது, திருப்பிச் செலுத்தும் பணத்தைச் சேர்த்து வைப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் ஒருவருக்கும் நின்று வாசிக்க நேரம் இராது. அவசரத்தில் நீட்டிய இடத்தில் கையெழுத்திடுவோம். அக்கையெழுத்துக்குரிய யோசனை கோடையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. இன்று பாபநாசம் அணையின் மட்டம், வரத்து, வெளியேற்றம் எவ்வளவு? சென்ற வாரம் இதே நாளில் எவ்வளவு?
2. நமது கால் எந்த அணைக்கட்டைச் சேர்ந்தது? கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர எத்தனை நாளாகிறது?
3. உங்கள் கடனின் தவணைத் தேதி என்ன? அறுவடைக்கும் அதற்கும் இடையே எத்தனை நாள் உள்ளன?
4. நீங்கள் யாருக்கு ஜாமீன் இருக்கிறீர்கள்? எவ்வளவு தொகைக்கு?