வேலைப் பட்டியல் நீண்டுகிட்டே போகுதா?
(ஆன்லைன் வியாபாரம் தொடங்கும் குழுக்களுக்கு)



பாகூர் கொம்யூனில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சத்துமாவு, இட்லிப் பொடி, வடகம் எல்லாம் செய்து செல்போன் மூலமாக விற்பது என்று தீர்மானம் போட்டு வங்கிக் கடனும் வாங்கியிருந்தார்கள். மூன்று மாதம் ஆகியும் ஒரு பாக்கெட்கூட விற்கவில்லை. தவணை மட்டும் ஓடுகிறது.

"ஏம்மா?" என்று கேட்டேன். பிரதிநிதி ஒரு நோட்டை நீட்டினார். முப்பத்தேழு வேலைகள்! "எதைத் தொட்டாலும் இன்னொண்ணு வந்து நிக்குது மேடம். ராத்திரி தூக்கமே வரல" என்றார்.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர் அச்சகம் வைத்திருக்கிறார் என்று முதல் வேலையாகக் கவர் அடித்துவிட்டார்கள். இரண்டாயிரம் கவர்! அதில் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இல்லை. பதிவே செய்யவில்லை, எண் எங்கிருந்து வரும்? எல்லாம் பரண்மேல் கிடக்கிறது. நாலு நாள் கழித்துச் செய்ய வேண்டியதை முதல் நாளே செய்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

சகோதரிகளே, இந்தச் சிக்கலை அவிழ்க்க நமக்கு ஏற்கெனவே தெரியும். குழுவில் ஒரே கூட்டத்தில் எட்டு பேர் உள்கடன் கேட்டால் என்ன செய்கிறோம்? கையில் இருப்பது கொஞ்சம். ஆஸ்பத்திரிச் செலவா, பள்ளிக் கட்டணமா, பீரோ வாங்கவா என்று பேசி, யாருக்கு இப்போது, யாருக்கு அடுத்த மாதம் என்று நோட்டில் எழுதுகிறோம். பீரோ கேட்டவருக்கும் "இல்லை" என்று சொல்வதில்லை. "ஆடி கழியட்டும்" என்கிறோம். அவரும் நிம்மதியாகப் போகிறார். நேரமும் அப்படித்தான். சமையல், மாடு, நூறு நாள் வேலை எல்லாம் போக ஒரு நாளைக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். அதற்கு முப்பத்தேழு பேர் கை நீட்டுகிறார்கள்.

மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2011இல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். முடிக்காத வேலை மனதை நச்சரித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டாலே, வேலை முடியாவிட்டாலும் அந்த நச்சரிப்பு அடங்கிவிடுகிறது.

அந்தக் குழுவில் அன்றைக்கு நாங்கள் செய்தது இதுதான். ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் "இது எதுக்காகக் காத்திருக்கு?" என்று எழுதினோம். கவர் லேபிளுக்குக் காத்திருக்கிறது. லேபிள் பதிவு எண்ணுக்குக் காத்திருக்கிறது. பதிவுக்கு வேண்டியது ஆதார், போட்டோ, முகவரிச் சான்று. முப்பத்தேழில் எதற்கும் காத்திருக்காத வேலைகள் ஐந்துதான்! அந்த வாரத்துக்கு அவை மட்டும்.

அடுத்து, பொருள். மூன்று பொருள் என்றால் மூன்று லேபிள், மூன்று விலை, மூன்று படம். 1959 மார்ச் 15 அன்று மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி லிஜ்ஜத் அப்பளத்தைத் தொடங்கினார்கள். முதல் நாள் செய்தது நான்கு பாக்கெட், அதுவும் அப்பளம் மட்டுமே. இதைச் சொன்னதும் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. "என் வடகத்த ஏன் தள்றீங்க?" என்று ஒரு அக்கா கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம்தான். கடைசியில் சத்துமாவு மட்டும் என்று முடிவானது. வடகம் "பொங்கலுக்குப் பிறகு" பக்கத்துக்குப் போனது. அந்த அக்காதான் இப்போது சத்துமாவு வறுக்கிறார்.

"கடலூருக்கு அனுப்புவது" என்ற வேலையும் அதே பக்கத்துக்குப் போனது. பாகூரிலிருந்து கடலூர் கூப்பிடு தூரம்தான். ஆனால் வரிக் கணக்கில் அது வேறு மாநிலம். பெரிய ஆன்லைன் தளங்களில் சிறு வியாபாரிகள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி வந்தது. அதுவும் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு, தன் மாநிலத்துக்குள் மட்டும். அதனால் முதலில் நம் புதுச்சேரிக்குள் விற்கட்டும். எல்லை தாண்டுமுன் ஆடிட்டரைக் கேட்கட்டும்.

எல்லோருக்கும் ஒரே வரிசை வராது. வில்லியனூர் சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. உணவுப் பதிவு தேவையில்லை. அங்கே முதல் வேலை, உடையாமல் பெட்டி கட்டப் பழகுவது. ஒரு பெட்டியை உறவினர் வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள்.

ஒரு வேலையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்: பணம் எந்தக் கணக்கில் விழும் என்பது. "என் பையன் போன்ல வரட்டும், அப்புறம் பிரிச்சுக்கலாம்" என்ற பேச்சில் உடைந்த குழுவை நான் பார்த்திருக்கிறேன். கியூஆர் அட்டை குழுக் கணக்கோடு இணைந்திருக்கட்டும். பணம் வாங்க ரகசிய எண் போடத் தேவையே இல்லை. "பணம் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி நம்பர் போடுங்க" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பட்டியலை நோட்டில் எழுதி வாருங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் அது எதற்காகக் காத்திருக்கிறது, யார் செய்வது, எந்தத் தேதி என்று மூன்று கட்டம் போடுங்கள். எழுதத் தெரியாத அக்காக்கள் சொல்லட்டும், ஊக்குநர் எழுதட்டும். எல்லா வேலைக்கும் எதிரில் ஒரே பெயர் வந்தால், அதைத்தான் முதலில் பேசப் போகிறோம்.