மோட்டரின் சத்தமும் கிணற்றின் மட்டமும்

எங்கள் ஊரில் நீர்ப்பம்பியைப் பம்பி என்று சொல்பவர்கள் குறைவு. மோட்டர் என்றால்தான் விளங்கும். அந்த மோட்டர் வழமைக்கு மாறாகச் சத்தம் போட்டாலோ, மேல்தாங்கி நிரம்ப இரட்டிப்பு நேரம் எடுத்தாலோ, "இது பழசாப் போயிற்று, பெரிசா ஒன்டு வாங்குவம்" என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். எங்கள் வீட்டு மோட்டருக்கு வயது பதினொன்று. அதன் சத்தத்தைக் கேட்டுப் பழகியும், உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்தும் எனக்கு விளங்கியது இதுதான்: குற்றத்தை முதலில் மோட்டரில் தேடக் கூடாது. அதற்கும் கிணற்று நீருக்கும் இடையில் தேட வேண்டும்.

பம்பி நீரை இழுக்கிறது என்றே எல்லோரும் நினைக்கிறோம். நிலத்தில் வைத்த பம்பி தன் வாயிலுள்ள அமுக்கத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலமே நீரைக் குழாய்வழியே மேலே தள்ளுகிறது. 1206இல் தனது பொறியியல் நூலை முடித்த அல்-ஜஸரி, உறிஞ்சு குழாய்கள் பொருத்திய இரட்டை உருளைப் பம்பியொன்றை அதில் விவரித்துள்ளார். ஆனால் நீர் ஏன் ஏறுகிறது என்பது தெளிவாக மேலும் நான்கு நூற்றாண்டுகள் சென்றன. 1643இல் டொரிசெல்லி, வளிமண்டலம் சுமார் 76 சென்ரிமீற்றர் இரச நிரலைத் தாங்குவதைக் காட்டினார். அதே கணக்கில் நீரென்றால் 10.3 மீற்றர். குழாயின் உராய்வையும் வளைவுகளையும் கழித்தால், நடைமுறையில் ஏழு மீற்றரளவையே நம்பலாம்.

இனிச் சத்தத்துக்கு வருவோம். மோட்டர் சுழலாமல் ‘ம்ம்’ என்று முனகினால் கொள்ளளவி பழுதாகியிருக்கலாம், அல்லது உள்ளே இறுகியிருக்கலாம். ஆளியை உடனே நிறுத்திவிட்டு மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஈரக் கையோடு நாம் ஆராயும் விடயம் அல்ல அது. நீர் ஒழுங்காக வந்துகொண்டே கீச்சென்று கத்தினால் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. உப்புக் காற்றில் அது சீக்கிரமே துருவேறும்.

கவனித்துக் கேட்க வேண்டிய சத்தம் வேறு. பேணிக்குள் சரளைக் கல் போட்டுக் குலுக்குவது போல ஒரு கரகரப்பு. குழாயின் வாய்வலை அடைத்திருந்தாலோ, நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருந்தாலோ, பம்பியின் வாயில் அமுக்கம் அளவுக்கு மீறிக் குறையும். அப்போது நீர் சாதாரண வெப்பநிலையிலேயே கொதிக்கிறது! அந்த ஆவிக்குமிழிகள் உள்ளே அமுக்கம் கூடிய இடத்துக்குப் போனதும் நொறுங்குகின்றன. சத்தம் அதுதான். தேநீருக்கு வைத்த கேத்தல் கொதிக்குமுன் இரைவதும் இப்படித்தான்: அடியில் பிறக்கும் குமிழிகள் மேலேயுள்ள குளிர்ந்த நீரில் நொறுங்குகின்றன. குளிர்நாட்டு வீடுகளைச் சூடாக்கும் பழைய கொதிகலன்களில் சுண்ணாம்புப் படிவு கட்டினால், அவையும் கேத்தல் போலவே இரையுமாம். கேத்தலுக்கு இதனால் கேடில்லை. பம்பியின் சுழலியையோ இக்குமிழிகள் நாளடைவில் அரித்துத் தின்றுவிடும்.

சத்தம் வழமைபோல இருக்க நீர் மட்டும் குறைந்தால்? நிறுத்தி, மின்தொடர்பையும் கழற்றிவிட்டு, நீர் ஊற்றும் மூடியைத் திறந்து வாய்வரை நிரப்புங்கள். மட்டம் மெல்ல இறங்கினால், கிணற்றுக்குள் இருக்கும் அடிவால்வில் மணலோ சிப்பித் துண்டோ சிக்கியிருக்கக் கூடும். மட்டம் இறங்காமலிருந்தும், ஓடவிட்டால் நீர் துப்பித் துப்பி வருகிறதா? உறிஞ்சு குழாயின் பொருத்தொன்றில் காற்றுப் புகுகிறது. இந்தக் கசிவைக் கண்ணால் பிடிப்பது கடினம். குழாய்க்குள் அமுக்கம் வெளியைவிடக் குறைவாதலால் நீர் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். மோட்டர் ஓடும்போது, மின்கம்பிகளுக்கு எட்டவுள்ள பொருத்துகளில் மட்டும் சவர்க்கார நுரையைப் பூசிப் பாருங்கள். நுரை உள்ளிழுபடும் இடமே ஓட்டை. கழற்றி ‘த்ரெட் சீல்’ சுற்றிப் பூட்டினாலே பல வேளை போதும். நீரில்லாமல் மோட்டரை ஓடவிடுவது மட்டும் வேண்டாம், சீல் எரிந்துவிடும்.

தாங்கி நிறைந்திருந்தும் குழாய்வாயில் நீர் நூலாக ஒழுகினால் மோட்டருக்கு அதில் பங்கில்லை. பத்து மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம். மூன்று மீற்றர் உயரத் தாங்கி அதில் பத்தில் மூன்று பங்கையே தரும்.

போன ஓகஸ்டில் எங்கள் வீட்டில் அடிவால்வை மாற்றினார்கள், பொருத்துகளும் சரி. ஆனாலும் கரகரப்பு நிற்கவில்லை. "ஒரு குதிரைவலு மோட்டர் போட்டாச் சரி" என்றார் மாமா. மூத்தம்மாவோ, "கிணத்துல தண்ணி எங்க கிடக்கு எண்டு எட்டிப் பாத்தியளா?" என்று கேட்டா. வாளிக் கயிற்றை இறக்கி அளந்தோம். மாரிகாலத்து அடையாளத்திலிருந்து ஒன்றரை மீற்றர் இறங்கியிருந்தது.

 நம் கரையோர மணலின் கீழே நன்னீர் ஒரு மெல்லிய வில்லையாக, பாரமான உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கொள்கையளவில், கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே நாற்பது மீற்றர் ஆழத்துக்கு உப்பை அது தள்ளி வைத்திருக்கும். அப்படியானால் மேலே ஒரு சாண் குறைந்தால், கீழே உப்பு நாற்பது சாண் ஏறலாம். பெரிய மோட்டர் பூட்டி வேகமாக இறைத்தால் முதலில் நீர் வரும், பிறகு உவர் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளைத் துப்புரவாக்க வற்ற வற்ற இறைத்தபோது நீரியல் ஆய்வாளர்கள் எச்சரித்ததும் இதைத்தான். அளவோடு இறையுங்கள், மிச்ச உப்பை மழை கழுவட்டும் என்றார்கள்.

பழைய மோட்டரே இன்னும் இருக்கிறது. காலையில் இருபது நிமிடம், அஸருக்குப் பின் இருபது நிமிடம் ஓடுகிறது. இடையில் கிணறு ஊறிக்கொள்கிறது. கரகரப்பு கேட்டதும் நிறுத்துவது என் பொறுப்பு. கயிற்றில் நீர்மட்டத்தைக் கிழமைக்கொரு முடிச்சிட்டுக் குறிப்பது தங்கச்சியின் வேலை. இதை எழுதும் கிழமை, முடிச்சு ஒரு சாண் மேலே ஏறியிருக்கிறது.