ஏரியின் அடியில் ஒரு வேலி

சுவிட்சர்லாந்து நாட்டின் ஆல்ப்ஸ் மலையில், 1,921 மீட்டர் உயரத்தில் கடாஞ்ஞோ என்னும் ஏரி உள்ளது. அதன் மேல்நீரில் மீன்கள் வாழ்கின்றன. 21 மீட்டர் ஆழத்து அடிச்சேற்றிலோ புழுவும் நத்தையும் இல்லை. காரணம் யாது?

பாறைகளைக் கரைத்து வரும் ஊற்றுநீர் உப்பு மிகுந்து கனத்திருத்தலின், மேல்நீருடன் கலவாது அடியிலேயே தங்குகிறது. ஆதலின் பிராணவாயு ஆங்குச் சேர்வதில்லை. அந்நீரிலுள்ள சல்பேட் உப்பிலிருந்து, சேற்றில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயுவை ஆக்குகின்றன. அழுகிய முட்டைபோல் நாறும் அவ்வாயு அடித்தரை உயிர்களை மாய்த்துவிடும்.

எனினும், அந்நஞ்சு மேலே பரவுவதில்லை. ஏறத்தாழ 12 மீட்டர் ஆழத்தில் கந்தகப் பாக்டீரியாக்கள் திரண்டு, நீரை இளஞ்சிவப்பாக்கி நிற்கின்றன. மங்கிய கதிரொளியின் துணைகொண்டு, அவை அந்நச்சுவாயுவைப் பயன்படுத்தியே தம் உணவை ஆக்கிக்கொள்கின்றன. கண்ணுக்குப் புலனாகாத அவ்வேலி இன்றேல், நஞ்சு மேலேறி மீன்களின் வாழிடமும் சுருங்கிவிடும்.