பிளேட் மாற்றும் முன் லிவரைத் தொட்டுப் பாருங்கள்

"அண்ணே, வண்டி கத்துது, ஆனா மேல ஏற மாட்டேங்குது. கிளட்ச் பிளேட் மாத்திடுங்க." கொல்லிமலை அடிவாரத்தில் பைக் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் வருகிறவர்கள் பலரும் குறையோடு சேர்த்து, மாற்ற வேண்டிய சாமானையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். காரவள்ளியிலிருந்து மேலே போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அரிசி மூட்டையோ கேஸ் சிலிண்டரோ கட்டிக்கொண்டு 100 சிசி வண்டி அதில் ஏறும்போது, சமவெளியில் தெரியாமல் கிடந்த கிளட்ச் சறுக்கல் முதல் சில வளைவுகளிலேயே வெளியே வந்துவிடும்.

சறுக்கினால் பிளேட் போய்விட்டது என்பது பாதி உண்மைதான். பிளேட் ஏன் போனது என்று பார்க்காமல் புது செட் போட்டால், அதுவும் அதே காரணத்தால் கருகும். அதனால் எந்த வண்டி வந்தாலும் ஹேண்டில்பாரில் இருக்கும் லிவரில் தொடங்கி, கேபிள், ஆயில், ஸ்பிரிங், பிளேட் என்று வெளியிலிருந்து உள்ளே போவதே என் வழக்கம். செலவில்லாத சோதனைகள் முதலில், செலவுள்ளவை கடைசியில்.

சறுக்கல்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்குங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் அது கிளட்ச் சறுக்கல். சத்தமும் ஏறாமல், வேகமும் ஏறாமல் வண்டி மந்தமாக இழுத்தால் குறை வேறு இடத்தில்: ஏர் பில்டர், பிளக், கம்ப்ரஷன், ஒட்டிக்கொண்ட பிரேக் என்று தேட வேண்டும். கடகடவென்று உதறி உதறிப் போனால் செயினையும் பல்சக்கரத்தையும் பாருங்கள்.

பட்டறையிலேயே இன்னொரு சோதனை உண்டு. முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்து, டாப் கியர் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்து லிவரை விடுங்கள். நல்ல கிளட்ச் இன்ஜினை உடனே அணைத்துவிடும். அணையாமல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஒரு தடவை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் எரிந்துபோகும்.

லிவரைப் பிடித்தும் வண்டி முன்னால் நகர்கிறது, நியூட்ரல் விழ மறுக்கிறது என்றால் அது நேர்மாறான குறை. கிளட்ச் விடுபடவில்லை என்று பொருள். அதைச் சறுக்கல் என்று நினைத்துக் கேபிளைத் தளர்த்தினால் நிலைமை மோசமாகும்.

லிவரில் பிளே இருக்கிறதா?

ஸ்பிரிங்குகள் பிளேட்டுகளை அழுத்திப் பிடித்திருப்பதால்தான் இன்ஜின் சக்தி கியர்பாக்ஸுக்குப் போகிறது. லிவரைப் பிடிப்பது அந்த அழுத்தத்தை எடுத்துவிடுவதற்கு. லிவரில் பிளே, அதாவது கேபிள் இறுகும் முன் லிவர் சும்மா ஆடும் இடைவெளி, இல்லாவிட்டால், கை வைக்காமலே கிளட்சைக் கொஞ்சம் பிடித்தபடி வண்டி ஓட்டுவதற்குச் சமம். பெரும்பாலான வண்டிகளில் லிவரின் நுனியில் 10 முதல் 15 மி.மீ. பிளே இருக்க வேண்டும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. கேபிள் நீண்டால் பிளே கூடும். பிளேட் தேய்ந்தால் பிளே குறையும். பிளேட் அடுக்கு மெலிய மெலிய பிரஷர் பிளேட் உள்ளே நகர்ந்து, எதிர்ப்பக்கம் இருக்கும் புஷ்ராடு வெளியே தள்ளப்படுவதே காரணம். ஆகவே யாரும் தொடாமலே லிவர் இறுகிக்கொண்டு வந்தால் பிளேட் தேய்கிறது என்று வண்டியே சொல்கிறது. அப்போதே பிளேவைச் சரிசெய்துவிட்டால் அந்தப் பிளேட்டுகள் இன்னும் பல காலம் உழைக்கும். சரிசெய்யாமல் ஓட்டினால் தேய்மானம் சறுக்கலாகும், சறுக்கல் சூடாகும், சூடு மறுபடி தேய்மானமாகும்.

பால் கேன் கட்டி ஓட்டும் தம்பி ஒருவரின் வண்டிக்கு வேறொரு பட்டறையில் பிளேட் செட் மாற்றியும் சறுக்கல் திரும்பி வந்துவிட்டது. ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது பிளே சரியாக இருந்தது. ஒரு பக்கம் முழுதாகத் திருப்பியதும் பிளே காணாமல் போனது. டேங்குக்கு அடியில் கேபிள் தப்பான வழியில் போய் மடங்கி, வளைவுக்கு வளைவு இழுபட்டுக்கொண்டிருந்தது. மலைப்பாதையில் அந்த வண்டி ஓடியதெல்லாம் பாதி கிளட்சில்தான். கேபிளை மாற்றிச் சரியான வழியில் விட்டதும் குறை தீர்ந்தது. அதிலிருந்து எந்த வண்டிக்கும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பிளேவைப் பார்க்காமல் நான் விடுவதில்லை.

கேபிளை இன்ஜின் பக்கம் கழற்றி, அங்கிருக்கும் ஆர்மைக் கையால் அசைத்துப் பாருங்கள். லேசாக ஆடி, பிறகு ஸ்பிரிங் தடுக்க வேண்டும்; விட்டதும் திரும்ப வேண்டும். மழைக்காலச் சேறும் துருவும் ஏறி அது மாட்டிக்கொண்டிருந்தால், கவரைத் திறக்காமலே காரணம் கிடைத்துவிட்டது.

ஆயில் டப்பாவின் பின்பக்கம்

அடுத்த கேள்வி: "கடைசியா ஆயில் எப்ப மாத்துனீங்க? என்ன ஆயில்?" நம் பைக்குகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகிறது. கார் ஆயில்கள் சிலவற்றில் மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருப்பார்கள். காருக்கு அது நல்லது. உராய்வையே நம்பியிருக்கும் பைக் கிளட்சுக்குக் கேடு. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். எம்பி என்பது ஸ்கூட்டர்களுக்கு. அவற்றின் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை.

ஆயில் மாற்றிய சில நாளில் சறுக்கல் தொடங்கியிருந்தால் சந்தேகம் முதலில் ஆயில்மேல்தான். சரியான ஆயிலை ஊற்றி ஓட்டிப் பாருங்கள். பிளேட் கருகும் முன்பே கவனித்திருந்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். வடிக்கும்போது ஆயிலை முகர்ந்தும் பாருங்கள். கருகிய வாடை அடித்தால், வடிகட்டியில் கரும் நார்த்தூள் நின்றால், இனி கவரைத் திறக்க வேண்டியதுதான்.

பிளேட்டுகளைப் படிப்பது

கவர் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. அட்டையில் கவரின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிளேட்டுகளை வெளியே எடுத்த வரிசையிலேயே அடுக்குங்கள். கடைசிப் பிளேட்டின் காது சில இன்ஜின்களில் வேறு பள்ளத்தில் உட்காரும்.

உராய்வுப் பிளேட்டை வெர்னியரால் மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றில் புதுப் பிளேட் 3 மி.மீ. அளவில் இருக்கும், 0.3, 0.4 மி.மீ. குறைந்தாலே மாற்றும் காலம் வந்துவிட்டது. இந்த அளவு சின்னதாகத் தோன்றலாம். ஐந்து பிளேட்டில் 0.3 வீதம் போனால் மொத்த அடுக்கு ஒன்றரை மி.மீ. மெலிகிறது. ஸ்பிரிங் அந்த அளவுக்கு விரிந்து, அழுத்தம் குறைந்துவிடும்.

ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடிமேல் வைத்து, விளிம்பில் 0.2 மி.மீ. பீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் பெண்டு. நீலம் பாய்ந்திருந்தால் அதிகச் சூடு பட்டிருக்கிறது. இரண்டுமே மாற்ற வேண்டியவை. மினுமினுப்பு மட்டும் ஏறியிருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் போடலாம். ஸ்பிரிங்கின் நீளத்தை சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டு, ஒன்று தளர்ந்திருந்தாலும் செட்டாகவே மாற்றுங்கள். இல்லையென்றால் அழுத்தம் ஒருபக்கமாக விழும்.

பூட்டும்போது அவசரம் வேண்டாம்

புது உராய்வுப் பிளேட்டுகளை முந்தின இரவே நல்ல இன்ஜின் ஆயிலில் ஊறப் போடுங்கள். உலர்ந்த பிளேட் முதல் ஓட்டத்திலேயே கருகக்கூடும். பழைய பேக்கிங்கை அலுமினியத்தில் கீறல் விழாமல் சுரண்டிவிட்டுப் புதியதைப் போடுங்கள். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். கடைசியாகப் பிளே வைத்து, ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்த்து, ஆயில் ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஓட்டும் கையும் மாற வேண்டும்

வளைவில் இரண்டாம் கியரில் பாதி கிளட்ச் பிடித்து இழுப்பதைவிட, முதல் கியருக்கு இறங்கி லிவரை முழுதாக விட்டுவிடுங்கள். மேட்டில் நிற்கும்போது வண்டியைக் கிளட்சில் தாங்காமல் பிரேக்கில் நிறுத்துங்கள். லிவர்மேல் எப்போதும் விரல் வைத்திருக்கும் பழக்கத்தை விடுங்கள். பிளே இருந்தும் இல்லாததுபோல் ஆக்கிவிடும் பழக்கம் அது.

வண்டியை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவருக்குப் பிளேட் செட்டின் விலையோடு ஒரு நாள் வருமானமும் போகிறது. அதனால்தான் வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்: மாதம் ஒருமுறை, வண்டியை எடுக்கும் முன் லிவரின் பிளேவைப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.