அயல்நாட்டில் இளங்குடும்பம்: கற்க வேண்டுவனவும் காக்க வேண்டுவனவும்



நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு மகனோ மகளோ அயல்நாட்டில் இல்லறம் நடத்துகின்றனர். அவர்கள் பெறும் ஊதியமும் வகிக்கும் பதவியும் ஊரில் உள்ளோர்க்கு நன்கு தெரியும். அங்கே அவர்களது ஒரு நாள் எவ்வாறு விடிந்து எவ்வாறு முடிகிறது என்பதை அறிந்தோர் சிலரே. அதனை அறியாத நிலையில் நாம் தொலைபேசியில் கூறும் அறிவுரை பல வேளைகளில் அவர்களுக்குச் சுமையாகி விடுகிறது. ஆகவே, புறப்படும் இளையோரும் வழியனுப்பும் பெரியோரும் ஒருங்கே படிக்கத்தக்க பாடமாக இதனை அமைத்துள்ளோம்.

நாட்டுக்கு நாடு நடைமுறை வேறுபடும். எனவே ஒரு நகரை மட்டும் எடுத்துக்கொள்வோம். வந்தவாசிப் பகுதியிலிருந்து ஓர் இளங்குடும்பம் ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினுக்குக் குடியேறுவதாகக் கொள்வோம். கணவர் கணிப்பொறித் துறையினர், மனைவி பட்டதாரி, மகனுக்கு வயது நான்கு.

1. முதல் வாரங்கள்

ஜெர்மனியில் வீட்டில் குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தல் வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட சான்று தேவை. அப்பதிவுக்குப் பின்னரே வரி எண் அஞ்சலில் வந்து சேரும். அஞ்சற்பெட்டியில் பெயர் எழுதப்படாவிடில் கடிதம் வந்து சேராது.

இங்கே நம்மவர்க்கென ஓர் இடர்ப்பாடு உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. கடவுச்சீட்டில் அது விரிந்து குடும்பப் பெயராகிவிடுகிறது. ஆகவே கணவருக்கு அவர் தந்தையின் பெயர், மகனுக்கு அவன் தந்தையின் பெயர், மனைவிக்கு அவர் தந்தையின் பெயர் என மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள் அமைதல் கூடும். அலுவலர்கள் ஐயுறுவது இயல்பே. திருமணச் சான்றையும் பிறப்புச் சான்றையும் ஜெர்மன் மொழிபெயர்ப்புடன் கொண்டுசெல்வது நலம். அழைப்புமணிப் பலகையில் மூன்று பெயர்களையும் எழுதுதல் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அந்நாளை ஓய்வு நாளாகக் காக்கும் விதி 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தில் இடம்பெற்று, 1949ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்திலும் தொடர்கிறது. அன்று சுவரில் துளையிடுதலும், கண்ணாடிப் புட்டிகளைக் குப்பைத் தொட்டியில் ஓசையெழ இடுதலும் தகாதன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி காத்தல் வேண்டும். காகிதத்துக்கு நீலத் தொட்டி, சமையற்கழிவுக்குப் பழுப்புத் தொட்டி, பொருள்களைச் சுற்றிவரும் உறைகளுக்கு மஞ்சள் தொட்டி என பெர்லினில் குப்பையும் பிரிக்கப்படுகிறது. இவற்றைக் கெடுபிடி எனக் கருதாது, அண்டை வீட்டாருக்கு இடையூறு செய்யாமை என்னும் பண்பின் வடிவங்களாகக் கொண்டால் கற்பது எளிதாகும்.

2. குழந்தைகள் காப்பகம் கற்பிக்கும் பாடம்

அந்நாட்டில் ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் பெறும் சட்ட உரிமை 2013 ஆகஸ்டு முதல் உண்டு. மக்கள் அதனைச் சுருக்கமாகக் 'கீட்டா' என்பர். ஆசிரியப் பயிற்சி நிறுவனத்தில் பாடம் நடத்திய நமக்கு, அங்கே குழந்தையைச் சேர்க்கும் முறையே பெரிதும் கருதத்தக்கதாகத் தோன்றுகிறது.

நம் ஊரில் பள்ளி திறக்கும் நாளன்று வாயிலில் எழும் அழுகுரலை அனைவரும் அறிவர். குழந்தை வேறுபக்கம் பார்க்கும்போது தாய் மறைந்துவிடுவார். அல்லது ஆயா குழந்தையைத் தூக்கிச் செல்வார். பெர்லினில் 1980களில் உருவான பழக்குமுறை இதற்கு மாறானது. தாயிடமோ தந்தையிடமோ குழந்தை கொண்ட பற்றே அது உலகை ஆராய்வதற்கு அடிப்படை என்னும் ஜான் போல்பியின் கொள்கையைத் தழுவி அது அமைந்தது.

அம்முறையின் படிகள் வருமாறு:

அ) முதல் மூன்று நாள்களில் பெற்றோருள் ஒருவர் குழந்தையுடன் வந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் அறையிலேயே அமர்ந்திருப்பார். பிரிதல் இல்லை. பெற்றோர் குழந்தையைத் தூண்டுவதுமில்லை, தடுப்பதுமில்லை.

ஆ) நான்காம் நாளில் பெற்றோர் குழந்தையிடம் சொல்லிக்கொண்டு சிறிது நேரம் வெளியே செல்வார். சொல்லாமல் மறைதல் கூடாது.

இ) குழந்தை அழுது, பராமரிப்பாளர் தேற்றியும் தேறாவிடில் பெற்றோர் உடனே திரும்பிவிடுவார். தேறினால் பிரியும் நேரம் நாளுக்கு நாள் நீளும்.

ஈ) வீட்டிலிருந்து ஒரு பொம்மையோ துணியோ கொண்டுவரக் குழந்தைக்கு இசைவு உண்டு.

குழந்தை, பழகிய கையை விடாமல் இருக்கும்போதே புதிய கையைப் பற்றுகிறது. பழைய பற்றை அறுத்தால்தான் புதிய இடம் பழகும் என்பது தவறான எண்ணம். நான்கு வயது மகனுக்குரிய இவ்விதி அக்குடும்பம் முழுமைக்கும் பொருந்தும். இனி வருவனவற்றை இவ்விதியைக் கொண்டே நோக்குவோம்.

3. வீட்டுமொழியும் பள்ளிமொழியும்

'பிள்ளை விரைவில் பழக வேண்டுமாயின் வீட்டில் தமிழை நிறுத்துங்கள்' என்று அறிவுரை கூறுவோர் உளர். அதனைக் கேளாதிருத்தல் நன்று. கனடாவின் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1970களின் இறுதியிலிருந்து எடுத்துரைத்த கருத்து யாதெனில், ஒரு மொழியில் குழந்தை அடைந்த சிந்தனைத் திறன் மற்றொரு மொழிக்கும் துணைநிற்கும் என்பதாகும். கதையின் முன்பின் தொடர்பு, காரண காரியம், ஒப்புமை ஆகியவற்றைத் தமிழில் அறிந்த குழந்தை அவற்றை ஜெர்மனில் மீண்டும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. சொற்களை மட்டும் கற்றால் போதும்.

அவர் கூறிய மற்றொன்றும் கருதத்தக்கது. விளையாட்டுத் திடலில் பேசும் மொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கைவரும். பாடநூல் மொழி நிறைவாகக் கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். ஆதலின், சரளமாகப் பேசும் பிள்ளை வகுப்பில் பின்தங்கினால் அதனை மந்தம் எனக் கொள்ளலாகாது. தொடக்கத்தில் சில குழந்தைகள் காப்பகத்தில் வாய் திறவாது வாரக்கணக்கில் இருப்பதும் உண்டு. அவர்கள் செவியால் கற்றுக்கொண்டிருக்கின்றனர்.

பெற்றோர் தாம் நன்கறிந்த மொழியிலேயே குழந்தையுடன் பேசுக. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து சென்ற தமிழர்கள் ஜெர்மனியின் பல நகரங்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தி வருகின்றனர். அவற்றையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

4. உணவும் பொழுதும்

அங்கே மரக்கறி உணவு என்னும் சொல் முட்டையை விலக்குவதில்லை. எனவே புலால், மீன், முட்டை, ஜெலட்டின் ஆகியவை வேண்டா என ஒவ்வொன்றையும் பெயர் குறித்துக் காப்பகத்தில் எழுத்தில் கொடுத்தல் வேண்டும். ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. கரடி வடிவில் விற்கும் இழுவை மிட்டாய்களில் பெரும்பாலும் அது இருக்கும். பாலாடைக்கட்டி சிலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேரும்.

பிறந்தநாள் விழாக்களில் இம்மிட்டாய் வழங்கப்படும்போது நம் குழந்தை மட்டும் வெறுங்கையுடன் நிற்றல் ஆகாது. ஏற்ற இனிப்புகளைச் சிறு பெட்டியில் இட்டுப் பராமரிப்பாளரிடம் முன்னரே கொடுத்து வைத்தல் நன்று. 'எங்கள் வீட்டில் இதை உண்பதில்லை' எனப் பணிவுடன் கூறக் குழந்தைக்குக் கற்பிக்கலாம். பிறர் உண்பதை இழித்துரைக்கக் கற்பித்தல் கூடாது. சொல்லால் வருத்தாமையும் அகிம்சையே.

இரவு உண்ணாமையைப் பொறுத்தவரை ஊரில் உள்ளோர் ஒன்றை அறிதல் வேண்டும். நம் பகுதியில் ஆண்டு முழுவதும் கதிரவன் மறைவது மாலை 5.40க்கும் 6.40க்கும் இடையில்தான். பெர்லினிலோ டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே இருள் சூழும். ஜூனில் இரவு 9.30 வரை வெயில் இருக்கும். குளிர்காலத்தில் தந்தை அலுவலிலிருந்து திரும்புமுன் பொழுது மறைந்துவிடும். கோடையில் பொழுது மறையுமுன் குழந்தை உறங்கியாக வேண்டும்.

ஆகவே நண்பகலில் சூடான முழு உணவு, பிற்பகல் 3 மணியளவில் ஒரு சிற்றுணவு என வகுத்துக்கொண்டால் குளிர்காலத்திலும் பெருமளவு இயலும். அலுவலில் உள்ளோர் பிற்பகல் இடைவேளைக்கென உணவை உடன் எடுத்துச் செல்லலாம். தம் ஆற்றலுக்கேற்ப நோன்பை ஏற்பதே இல்லறத்தார்க்குரிய நெறி. எதை எவ்வளவு இயலும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். 'இருட்டிய பின் உண்டாயா?' என்று நாள்தோறும் வினவுதல் பொய் சொல்லப் பழக்குவதாகும்.

5. தாயின் தனிமை

கணவருக்கு அலுவலகம் உண்டு. மகனுக்குக் காப்பகம் உண்டு. இல்லத்தில் எஞ்சுபவர் மனைவி. ஊரில் மதிப்புடன் பணியாற்றியவர் அங்கே ரொட்டிக் கடையில் ஒரு சொல் கேட்கத் தயங்குகிறார். உயர்திறன் பணியாளர்க்குரிய நீல அட்டை பெற்றவரின் வாழ்க்கைத்துணை பணிபுரியச் சட்டத்தில் தடையில்லை. மொழியே தடை. வெளிநாட்டிலிருந்து வருவோர்க்கென அரசு ஏற்படுத்திய பொதுவான பயிற்சியில் 600 மணி நேரம் மொழியும் 100 மணி நேரம் சட்டம், வரலாறு, பண்பாடு ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன. 'குழந்தை வளரட்டும், பிறகு பார்க்கலாம்' எனத் தள்ளிப்போடாது, குழந்தை காப்பகத்தில் பழகியவுடன் தாயும் வகுப்பிற் சேர்தல் நலம்.

குழந்தைக்கு மூன்று நாள் அருகிருந்த பொறுமையைக் கணவர் மனைவிக்கும் காட்டுதல் வேண்டும். முதன்முறை மருத்துவரிடமும் பெற்றோர் கூட்டத்துக்கும் உடன் செல்லுதல், பின்னர் அவரைத் தனியே செல்லவிடுதல் என்பதே முறை. எல்லா வேலையையும் கணவரே முடித்துக்கொடுத்தால் மனைவி அந்நாட்டில் என்றும் விருந்தாளியாகவே இருப்பார்.

6. ஊரிலிருக்கும் பெரியோர்க்கு

அந்நாட்டில் ஆறு வயதில் பள்ளி தொடங்குகிறது. முதல் நாளில் இனிப்பும் எழுதுபொருளும் நிறைந்த பெரிய கூம்பு வடிவ உறையைக் குழந்தை ஏந்திச் செல்லும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வரும் வழக்கம் இது. பாட்டி கைப்பட எழுதிய ஒரு கடிதம் அவ்வுறையில் இருக்குமாயின் எத்துணைச் சிறப்பு!

பள்ளி தொடங்கிய பின் வருகை கட்டாயம். தக்க இசைவின்றித் திருமணத்துக்கென இரண்டு வாரம் விடுப்பு எடுத்தால் பெற்றோர்க்குத் தண்டம் விதிக்கப்படலாம். 'லீவு சொல்லிவிட்டு வா' என வற்புறுத்தாது, காதணி விழா போன்றவற்றை ஆறு வாரக் கோடை விடுமுறைக்குள் அமைத்துக்கொள்வோமாக.

தொலைபேசியில் பேரனிடம் 'சாப்பிட்டாயா?', 'தமிழில் ஏதாவது சொல், பார்ப்போம்' என்பவற்றைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. முன்னதற்கு ஒரு சொல்லே விடை, பின்னது தேர்வு. இரண்டாலும் மொழி வளராது. வாரம் ஒரு நாள், பத்து நிமிடம், ஒரு கதை சொல்லுங்கள். பாதியில் நிறுத்தி, 'அடுத்து என்ன நடந்திருக்கும்?' என்று கேளுங்கள். எஞ்சிய பகுதிக்காகக் குழந்தை அடுத்த வாரம் தானே அழைக்கும். நம் நேரம் அவர்கள் நேரத்தினும் குளிர்காலத்தில் நான்கரை மணியும் கோடையில் மூன்றரை மணியும் முந்தியது என்பதையும் நினைவிற் கொள்க.

பேரன் ஜெர்மன் நன்கு பேசுவது கண்டு வருந்த வேண்டா. புதிய கையை அவன் பற்றிவிட்டான் என்பதே அதன் பொருள். பழைய கை நம்முடையது. அதை நீட்டியே வைத்திருத்தல் நம் கடமை.

சிந்தனை வினாக்கள்

1. குழந்தையிடம் சொல்லாமல் பிரிவதற்கும் சொல்லிப் பிரிவதற்கும் உள்ள வேறுபாட்டைக் குடும்பத்தில் கலந்துரையாடுக.

2. உங்கள் பேரக்குழந்தைக்கு நான்கு வாரங்களில் சொல்லத்தக்க ஒரு கதையைத் தேர்ந்து, ஒவ்வொரு வாரமும் எவ்விடத்தில் நிறுத்துவீர் எனக் குறித்துக்கொள்க.

3. அயல்நாட்டில் வாழும் உங்கள் மகள் அல்லது மருமகளின் ஒரு நாளை, காலை முதல் இரவு வரை, அவரிடமே கேட்டு எழுதிப் பார்க்க. கேட்கும்போது அறிவுரை கூறாதிருக்க.