காவல் கற்ற குருளை

மனிதனோடு முதன்முதல் உறவு பூண்ட விலங்கு நாயேயாகும். ஆடும் மாடும் அவன் தொழுவத்தை அடைவதற்கு முன்னரே, நாய் அவன் மூட்டிய நெருப்பின் அருகே படுத்துறங்கியது. செருமனி நாட்டில் பான் நகரின் அருகே 1914ஆம் ஆண்டில் பழைய புதைகுழி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அஃது ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஓர் ஆடவனும் ஒரு பெண்ணும் அதனுள் புதைக்கப்பட்டிருந்தனர். அவர்களோடு, பிறந்து ஏழு மாதங்களே சென்ற நாய்க்குட்டி ஒன்றன் எலும்புகளும் கிடந்தன. அதன் பற்களை அண்மையில் ஆராய்ந்த அறிஞர்கள், அக்குட்டி கொடிய நோயால் பல வாரங்கள் துன்புற்றிருத்தல் வேண்டும் என்றும், மனிதர் பேணாதிருப்பின் அத்தனை நாள் உயிர் வாழ்ந்திராது என்றும் கருதுகின்றனர். நோயுற்ற குட்டி வேட்டைக்கு உதவாது, காவலுக்கும் உதவாது. அங்ஙனமாகவும் அதனை யாரோ அருகிருந்து ஊட்டிக் காத்தனர். நாய் மனிதனுக்குக் காவல் தருவதற்கு முன், மனிதன் நாய்க்கு அன்பு தந்தான் போலும்!

மாணவர்களே! இம்முறை மாறினால் விளையும் தீங்கை யான் நூலிலிருந்து அறியவில்லை. என் பிழையிலிருந்து அறிந்தேன்.

பல்லாண்டுகளுக்கு முன், யான் தமிழாசிரியனாய்ப் பணியாற்றிய காலத்தில், எங்கள் வீட்டில் கரிய நாய் ஒன்று இருந்தது. “நாயைப் பகலெல்லாம் கட்டி வைக்க வேண்டும், ஒருவரோடும் பழகவிடலாகாது, அப்பொழுதுதான் இரவில் சீறிக் காவல் காக்கும்” என்று பலர் கூறினர். யானும் நம்பினேன். முற்றத்து வேப்பமரத்தில் இரும்புச் சங்கிலியால் அதனைப் பிணித்தேன். அதன் உலகம் ஆறடி வட்டத்துள் அடங்கிவிட்டது. வருவோரையெல்லாம் கண்டு அஃது ஓயாது குரைத்தது. வீரத்தால் குரைக்கிறது என்று யான் மகிழ்ந்தேன். அச்சத்தால் குரைக்கிறது என்பதை உணரவில்லை.

ஒரு நாள், எங்களுக்குப் பால் கொணர்பவரின் மகன், ஏழு வயதுச் சிறுவன், உருண்டோடிய பந்தை எடுப்பதற்காக அவ்வட்டத்துள் அடி வைத்தான். நாய் பாய்ந்து அவன் கையைக் கவ்விக் கிழித்துவிட்டது. புண்ணைச் சோப்பிட்டு நீரில் கழுவி, அவனை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். முறைப்படி ஊசிகள் போடப்பட்டன, புண்ணும் ஆறியது. சிறுவனின் தந்தையார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. “வாயில்லாப் பிராணி ஐயா! கட்டியே கிடந்தால் அது வேறென்ன செய்யும்?” என்று மட்டும் சொன்னார். வசையினும் அச்சொல் என் நெஞ்சை மிகுதியாக வருத்தியது. மருத்துவர் கூறியவாறு பத்து நாள் நாயைக் கண்காணித்துப் பின்னர்ச் சங்கிலியை நீக்கினேன். ஆயினும் காலம் கடந்துவிட்டது. அந்நாய் இறக்கும்வரையில் மனிதர் கையை நம்பவில்லை. சோறிட்ட என் கையையும் முழுதும் நம்பவில்லை. அதன்பின் நெடுங்காலம் எங்கள் வீட்டில் நாய் வளர்க்கப்படவில்லை.

யான் ஓய்வு பெற்றபின், மனைவியும் யானும் ஊரின் எல்லையிலிருந்த வீட்டில் தனித்து வாழலானோம். விடுமுறைக்கு வந்த என் பெயரன், “தாத்தா, இந்த வீட்டுக்குக் காவலுக்கு ஒரு நாய் வேண்டும்” என்றான். யான் தயங்கினேன். “விலை கொடுத்து வாங்க வேண்டா, காப்பகத்தில் குட்டிகள் இருக்கின்றன, போய்ப் பார்ப்போம்” என்று அவன் விடாது கேட்டான்.

அடிபட்டனவும் கைவிடப்பட்டனவுமாகிய விலங்குகளைப் பேணும் காப்பகங்கள் நம் நாட்டில் பல உள்ளன. சென்னையில் 1959ஆம் ஆண்டில் தோன்றிய புளூ கிராஸ் அவற்றுள் புகழ்பெற்றது. விலங்குகளுக்காகச் சட்டம் இயற்றப்பட்டதிலும் தமிழகத்துக்குப் பங்குண்டு. பரதக் கலையால் பெயர்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் உறுப்பினராய் இருந்து இதற்கென முயன்றார். அம்முயற்சியின் பயனாய் 1960ஆம் ஆண்டில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. நாயை எந்நேரமும் சங்கிலியில் பிணித்து, ஓடியாடவிடாது வைத்திருத்தல் குற்றம் என்பது அச்சட்டம் கூறுவனவற்றுள் ஒன்று. யான் வேப்பமரத்தடியில் செய்தது அறத்துக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் மாறானது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

காப்பகத்தில் ஒரு கூட்டினுள் மூன்று குட்டிகள் இருந்தன. மூன்றும் பெண்குட்டிகள். உடன்பிறந்த ஆண்குட்டிகளைப் பிறர் முன்னரே கொண்டு சென்றுவிட்டனர். பெண்குட்டி வேண்டா என்று ஒதுக்குவோர் பலர். காவலுக்கு ஆணென்றும் பெண்ணென்றும் வேறுபாடில்லை. ஆறு மாத அளவில் மருத்துவரைக் கலந்து கருத்தடை செய்துவிட்டால், குட்டிகள் பெருகித் தெருவில் அலையும் துன்பமும் இல்லை.

என் பெயரன் சாவிக்கொத்து ஒன்றைக் கூட்டின் ஓரத்தில் ‘கலீர்’ என்று போட்டான். ஒரு குட்டி நடுங்கி மூலையில் ஒடுங்கியது. ஒன்று சீறிக் கடிக்க வந்தது. மூன்றாவது குட்டி முதலில் திடுக்கிட்டுப் பின்வாங்கியது, சற்றே நின்றது, பிறகு மெல்ல வந்து சாவிக்கொத்தை மோந்து பார்த்தது. “இதுவே நமக்கு வேண்டியது” என்றான் அவன். அஞ்சத்தக்கதற்கு அஞ்சி, பின்பு அதனை ஆராய்ந்தறியும் இயல்பே காவலுக்கு அடிப்படை. கடிக்க விரையும் குட்டியைக் காவலுக்கு ஏற்றதென்று கொள்வது பேதைமை.

குட்டியைத் தருமுன், காப்பகத்தின் பொறுப்பாளராகிய அம்மையார் ஒரு வினா எழுப்பினார்: “ஐயா, இதனைக் கட்டிப்போடுவீர்களா?” யான் தலைகுனிந்தேன். “முன்பு ஒன்றைக் கட்டிப்போட்டேன் அம்மா, இனிக் கட்டேன்” என்றேன். அவர் சிறிது நேரம் என் முகத்தையே நோக்கினார். பின்பு குட்டியை என் கையில் தந்தார்.

நாயின் இளமைப் பெயர் குருளை என்கிறது தொல்காப்பியத்து மரபியல். எம் குருளைக்கு, நாயைக் குறிக்கும் பழஞ்சொல்லாகிய ‘ஞமலி’ என்னும் பெயரை இட விரும்பினேன். “தாத்தா, நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் திருடன் ஓடிவிடுவான்” என்று பெயரன் நகைத்தான். செந்நிறமுடைய அக்குட்டிக்கு என் மனைவி ‘செவலை’ என்று பெயரிட்டாள். அதுவே நிலைத்தது.

முதலிரவு செவலை தாயை நினைந்து அழுதது. தனியறையில் பூட்டாமல், எங்கள் கட்டிலருகே பழம்புடைவை விரித்துப் படுக்க வைத்தோம். மறுநாளே கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்தோம். குட்டிகளைக் கொல்லும் டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய நோய்களுக்குத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, நான்கு மாதம் வரை சில வார இடைவெளியில் மீண்டும் போடப்படும். பழைய புதைகுழியில் கண்ட அக்குட்டியை வருத்திய நோய் டிஸ்டெம்பரே என்பர். அன்று அன்பு மட்டுமே மருந்தாய் இருந்தது. இன்று ஊசியும் உண்டு. வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் முதலிலும், பின்னர் மருத்துவர் குறிக்கும் காலங்களிலும் தவறாமல் போடப்படல் வேண்டும். அந்நோயின் அறிகுறி தோன்றியபின் பிழைத்தல் மிக அரிது. எனவே, எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது நம் பழமொழி. நாய்க்கோ ஆண்டு கணக்கன்று, வாரம் கணக்கு. அமெரிக்க அறிஞர்களாகிய ஸ்காட், புல்லர் என்னும் இருவர் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூலில், மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள பருவமே குட்டி பிறரோடு உறவு கொள்ளக் கற்கும் பருவம் என்று காட்டினர். அப்பருவத்தில் நன்கு பழகாத நாய் பின்னாளில் புதியன யாவற்றையும் பகையாகவே காணும். பகை இன்னது, நட்பு இன்னது என்று பகுத்தறியாத நாய் எங்ஙனம் காவல் செய்யும்? ஆகவே, தடுப்பூசிகள் முடியும்வரை செவலையைத் தெருவில் இறக்காமல், கையில் ஏந்திச் சென்று உலகைக் காட்டினோம். குடை பிடித்தவர், தலைக்கவசம் அணிந்தவர், கோலூன்றிய முதியவர், கூச்சலிடும் சிறுவர், கடகடவென ஓடும் வண்டி ஆகிய ஒவ்வொன்றையும் கண்டு அமைதியாய் இருந்தபோதெல்லாம், அவித்த முட்டையில் ஒரு சிறு துண்டு அளித்தோம்.

பயிற்சிக்கு யாம் கொண்ட சொற்கள் நான்கே: ‘வா’, ‘உட்கார்’, ‘இரு’, ‘போதும்’. வீட்டிலுள்ளோர் அனைவரும் அச்சொற்களையே வழங்கினோம். ஒருவர் ‘உட்கார்’ என்றும் மற்றொருவர் ‘குந்து’ என்றும் கூறினால் நாய் மயங்கும். உணவுத் துண்டை அதன் மூக்கிற்கு மேலே பிடித்துப் பின்னுக்கு நகர்த்தினால், தலை உயர இடை தாழும். குட்டி தானே அமரும். அமர்ந்த அந்நொடியே சொல்லையும் உணவையும் சேர்த்துத் தருதல் வேண்டும். காலம் தாழ்த்தின், எதற்காகத் தந்தோம் என்பது அதற்கு விளங்காது. ஒருமுறைக்கு ஐந்து நிமிடம் போதும். நாளைக்கு மூன்று முறை போதும். அடித்துக் கற்பித்தால் நாய் கற்பது பாடமன்று. அடிப்பவர் கையின் அச்சமே.

தூய்மையையும் இவ்வாறே கற்பித்தோம். உறங்கி எழுந்ததும், உண்டு முடிந்ததும், தோட்டத்தின் ஒரே இடத்திற்கு அதனை அழைத்துச் சென்றோம். வீட்டினுள் நனைத்துவிட்டால் வாய் திறவாது துடைத்துவிட்டோம். சோற்றோடு தயிரும் முட்டையும் எலும்பு நீக்கிய இறைச்சியும் அளவாகக் கொடுத்தோம். வெந்த கோழியெலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்கலேட்டு ஆகியன நாய்க்கு நஞ்சு.

இனிக் காவலைக் கூறுவேன். ஏழாம் மாத அளவில் செவலை, அயலார் காலடி கேட்டதும் தானே குரைக்கத் தொடங்கியது. குரைக்க யாம் கற்பிக்கவில்லை; நிறுத்தவே கற்பித்தோம். இரண்டு மூன்று முறை குரைத்ததும், “நன்று” என்று கூறி, வாயிலுக்குச் சென்று, வந்தவர் யாரெனப் பார்ப்போம். பின்பு ‘போதும்’ என்போம். அடங்கினால் பரிசு உண்டு. நாள்தோறும் காலையும் மாலையும் தோல்வாரில் பிடித்து மதிலைச் சுற்றி நடத்தினோம். தான் காக்க வேண்டிய எல்லையை அஃது அறிந்துகொண்டது. கடிக்க ஒருபோதும் ஏவவில்லை. அறிவித்தல் நாயின் கடமை. ஆராய்ந்து முடிவு செய்தல் மனிதனின் கடமை.

ஒன்றரை ஆண்டு கழிந்தது. மார்கழி மாதத்தில் ஒருநாள் பின்னிரவு. திண்ணையில் படுத்திருந்த செவலை, என்றும் இல்லாத கடுங்குரலில் இடைவிடாது குரைத்தது. ‘போதும்’ என்றேன், அடங்கவில்லை. என் சொல்லை அது மீறியது அன்று ஒருநாள்தான். விளக்கேற்றிப் பார்த்தபோது, கொல்லைப்புற மதிலுக்கு அப்பால் யாரோ தொப்பென்று குதித்து ஓடும் ஓசை கேட்டது. அண்டை வீட்டாரும் விழித்தெழுந்தனர். மதிலோரத்தில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது.

பொழுது விடிந்தது. பால்காரரின் பெயர்த்தி, நான்கு வயதுக் குழந்தை, தாத்தாவின் கையை விட்டுவிட்டு முற்றத்தில் ஓடிவந்தாள். முன்னொருநாள் சிறுவன் கடியுண்ட அதே வேப்பமரத்தடியில் செவலை படுத்திருந்தது. என் நெஞ்சு ஒருகணம் திடுக்கிட்டது. செவலையோ வாலை மெல்ல அசைத்து, குழந்தை தன் காதைப் பற்றி இழுக்கவும் பேசாது கிடந்தது. குழந்தையின் கையை யான் மெல்ல விலக்கினேன். பால்காரர் என்னை நோக்கினார், ஒன்றும் கூறவில்லை. பழைய கடன் ஒன்றில் சிறுபகுதி தீர்ந்தது போன்றிருந்தது எனக்கு.

இரவில் குரைத்ததும் காவல். காலையில் குரையாதிருந்ததும் காவல். யானை, தன்னை நெடுநாள் அறிந்த பாகனையே கொல்லும். நாயோ, எறிந்த வேல் உடம்பில் நிற்கவும் வளர்த்தவனைக் கண்டு வாலைக் குழைக்கும் என்று நட்பினை ஆராயுமிடத்தில் நாலடியார் கூறுகிறது. அத்தகைய உயிரின் அன்பைச் சங்கிலியால் பெற முயல்வது அறியாமையன்றோ? மாணவர்களே! நாய் வளர்க்க விரும்பின், அதன் வாழ்நாளாகிய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் உணவும் மருந்தும் பொழுதும் தர இயலுமா என்று முதலில் எண்ணுங்கள். இயலுமாயின், காப்பகத்தில் காத்திருக்கும் ஒரு குருளையைக் கொணருங்கள். முதலில் அதனை நீங்கள் காத்தருளுங்கள். பின்னர் அஃது உங்களைக் காக்கும்.

பயிற்சி

1. கரிய நாய் சிறுவனைக் கடித்தமைக்கு ஆசிரியர் யாரைக் காரணமாகக் கொள்கிறார்? ஏன்?
2. மூன்று குட்டிகளுள் ஒன்றனைத் தேர்ந்த முறையை விளக்குக.
3. ‘குரைக்க யாம் கற்பிக்கவில்லை, நிறுத்தவே கற்பித்தோம்.’ இத்தொடரின் கருத்து யாது?
4. நாய் கடித்தவுடன் செய்ய வேண்டியன யாவை?
5. ‘காலையில் குரையாதிருந்ததும் காவல்’ என்பதனைப் பொருளாகக் கொண்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.